மூடாத முறைப்பாடு

"உங்கட குப்பையாலை என்ரை வியாபாரம் படுத்துப்போச்சு. இண்டைக்கே திருத்து."

இப்பிடித்தான் ஒருத்தன் எழுதினவன். வணக்கம் இல்லை, தன்ரை பேர் இல்லை. நாங்கள் ஒரு சதம் வாங்காமல் செய்து வைச்ச சாமானை எடுத்து, அதிலை கடை நடத்தி உழைச்சுக்கொண்டிருந்தவன் எழுதின எழுத்து இது. மொன்றியல் பக்கம், டொலார்ட்-டெஸ்-ஓர்மோவிலை என்ரை வீட்டு அடுப்படியிலை நிண்டு அவன்ரை பரம்பரைக்கே ஏசினன். மனிசி பயந்துபோய் ஓடிவந்து என்னெண்டு கேட்டவ. நான் ஏசி முடிக்கமுதல், அந்தச் சாமானை எங்களோடை பாத்துக்கொண்டிருந்த அவா அங்கை பதில் எழுதிப்போட்டா.

"உங்களுக்கு வந்த சிரமத்துக்கு மன்னிக்கவேணும். மூண்டு விசயம் மட்டும் சொல்லுங்கோ. என்ன செய்தனீங்கள்? என்ன நடக்கும் எண்டு எதிர்பார்த்தனீங்கள்? என்ன நடந்தது?"

இங்கிலீசிலைதான் எழுதினவா, நான் தமிழிலை சொல்லுறன். உந்த மூண்டு கேள்வியையும் அவா வருசக்கணக்காக் கேட்டவா. ஏசினவனிட்டையும் அதுதான், கும்பிட்டவனிட்டையும் அதுதான். எனக்கு விசர் வரும். "உவனுக்கு ஏன் மன்னிப்புக் கேக்கிறியள்?" எண்டு ரெலிபோன் எடுத்துக் கத்தினன். "அண்ணை, அவருக்கு எங்கையோ நொந்திருக்கு. எங்கையெண்டு தெரிஞ்சால்தானே பாக்கலாம்" எண்டா. அவ்வளவுதான்.

அவாவின்ரை பேரை நான் இதிலை எழுதேல்லை. எழுதுறதெண்டால் அவாவைக் கேக்கவேணும். கேட்டு எழுதின ஒண்டுக்கும் எனக்கு இப்ப பதில் வாறேல்லை. ஏன் வாறேல்லை எண்டு சொல்லத்தான் இவ்வளவும்.

என்ன சாமான் எண்டு முதல் சொல்லிப்போடுறன். வெப்சைற் கட்டுற ஆக்களுக்கெண்டு ஒரு ஃபிரேம்வேர்க். வீடு கட்டப்போறவனுக்குத் தூணும் வளையும் முதலே அளவெடுத்துச் செய்து குடுக்கிறமாதிரி. ஆரும் சும்மா எடுக்கலாம், உள்ளுக்கை திறந்து பாக்கலாம், பிழை கண்டால் திருத்தியும் அனுப்பலாம். ரெண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் பத்து வருசத்துக்கை அது ஓகோ எண்டு ஓடினது. ஐரோப்பாவிலை ஒருத்தன் தொடங்கினவன். தொடங்கினவனுக்குப் பேர், அவனுக்கு மேடை, அவனுக்குக் கைதட்டு. புதுசு புதுசா ஏதாவது போட்டுப்போட்டு அவன் போயிடுவான். அது உடையிறதும், உடைஞ்சதுக்கு ஏச்சு வாங்கிறதும், ஒட்டுறதும் ஆர்? மொன்றியலிலை, நோத்ர-டாம்-த-கிரேஸிலை, மூண்டாம் மாடி அப்பார்ட்மெண்டிலை, ரைஸ் குக்கருக்குப் பக்கத்திலை கொம்பியூட்டரை வைச்சுக்கொண்டு இருந்த ஒரு மன்னார்ப் பிள்ளை. சோத்து ஆவி வந்து திரையிலை படிஞ்சால் சட்டைக் கையாலை துடைச்சுப்போட்டுத் திரும்ப எழுதுவா.

விடிய அஞ்சு மணிக்கு எழும்பி ஏழரை மட்டும் உந்த வேலை. பேந்து 105 பஸ் எடுத்து, மெற்றோ எடுத்து, ஒரு கொம்பனியிலை ரெலிபோன் உதவி வேலை. அங்கையும் சனம் எடுத்து ஏசும். பகல் முழுக்கச் சம்பளத்துக்கு ஏச்சு, விடியப்புறம் சும்மா ஏச்சு. ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சிலை பூசை முடிய, எல்லாரும் கோப்பியைக் குடிச்சுக் கதைச்சுக்கொண்டு நிக்க, மண்டபத்திலை கதிரை அடுக்கிறதும் அவாதானாம். நான் ஆச்சரியப்படேல்லை.

கனகாலம் அவா பொம்பிளை எண்டோ, தமிழ் எண்டோ எனக்குத் தெரியாது. வெறும் ரெண்டு எழுத்துத்தான் கையெழுத்து. ஒருநாள் "இண்டைக்கு இங்கை பஸ் ஓடேல்லை, அவ்வளவு பனி, அதாலை இன்னும் ரெண்டு பிழை பாக்க நேரம் கிடைச்சிருக்கு" எண்டு எழுதினவா. என்ரை வாசலிலையும் கார் கதவு மட்டும் பனி. எந்த ஊர் எண்டு கேட்டு, நம்பர் வாங்கி, எடுத்து, "ஹலோ" எண்ட ஒரு சொல்லிலையே பிடிச்சிட்டன்.

"அட, நீங்கள் தமிழோ!"

"ஓம் அண்ணை. நீங்கள் தமிழெண்டு உங்கட பேரிலையே எனக்குத் தெரியும். கேக்க வெக்கமாக் கிடந்தது."

அதுக்குப் பிறகு நான் அண்ணை. அவாவிலும் பாக்க எனக்கு ஆறேழு வயது கூடத்தான்.

அவாட்டை ஒரு கட்டுப்பாடு இருந்தது. பிழை எண்டு ஒருத்தர் முறைப்பாடு குடுத்தால், திருத்தின உடனை நாங்கள் எல்லாரும் "முடிஞ்சுது" எண்டு மூடிப்போட்டுப் போவம். அவா மூடமாட்டா. திருத்தியாச்சு, பாத்துச் சொல்லுங்கோ எண்டு எழுதிப்போட்டு, முறைப்பாடு குடுத்த ஆள் வந்து "சரி" எண்டு சொல்லுமட்டும் திறந்தே வைச்சிருப்பா. பட்டியல் நீண்டுகொண்டு போகும். தொடங்கினவனுக்கு அது பிடிக்காது, பாக்கிறதுக்கு அசிங்கமா இருக்காம். அவா கேட்டாத்தானே! "நாங்கள் சரி எண்டு சொன்னால் சரியே அண்ணை? நொந்த ஆள் சொல்லவேணும்."

ஒருக்கா இல்-பிசார் தீவிலை இருந்து ஒரு வயசான பிரெஞ்சு மனிசன் எழுதினது. தன்ரை பூந்தோட்டச் சங்கத்துக்கு வெப்சைற் செய்திருக்கு, படம் ஏத்தினால் சில படம் தெரியுதாம், சிலது தெரியேல்லையாம். அவா மூண்டு கேள்வியும் கேட்டு, வந்த பதிலைப் பாத்துத் தானும் செய்து பாத்தா. அவாவின்ரை கொம்பியூட்டரிலை எல்லாப் படமும் வடிவாத் தெரியுது. நாங்கள் எண்டால் "இங்கை ஒண்டும் பிழையில்லை" எண்டு எழுதி மூடியிருப்பம். அவா என்ன செய்தா தெரியுமோ? ஒரு சனிக்கிழமை, கார்த்திகை மாசம், முதல் பனி கொட்டுது, பஸ் மாறி மாறி டொலார்ட் வந்து நிண்டுகொண்டு என்னைக் கேட்டா, அண்ணை, இல்-பிசாருக்கு ஒருக்காக் கொண்டுபோய் விடுவியளோ எண்டு. தீவுக்குள்ளை பஸ் எப்ப வரும் எண்டு கடவுளுக்குத்தான் தெரியும். ஏசி ஏசிக் கொண்டுபோனன்.

அந்த மனிசன்ரை கொம்பியூட்டரிலை அவா கையே வைக்கேல்லை. பக்கத்திலை ஒரு ஸ்டூலைப் போட்டு இருந்துகொண்டு, நீங்கள் வழமையாச் செய்யிறமாதிரிச் செய்யுங்கோ எண்டு பிரெஞ்சிலை சொல்லிப்போட்டு அந்தாளின்ரை விரலைப் பாத்துக்கொண்டிருந்தா. படத்துக்குப் பேர் வைக்கேக்கை, மேலை சின்னக் கோடு போட்ட பிரெஞ்சு எழுத்தை அந்தாள் போடுது. அந்தாளின்ரை மெஷின் அந்த எழுத்தை ரெண்டாப் பிரிச்சு, எழுத்து வேறை கோடு வேறையா அனுப்புது. எங்கட சாமான் ஒண்டா வரும் எண்டு தேடுது.

"எங்கட 'கொ' மாதிரி அண்ணை. கொம்பும் அரவும் தனித்தனியா வந்து நிண்டால் ஆருக்குத் தெரியும் அது கொ எண்டு?"

காருக்குள்ளை சிரிச்சுக்கொண்டு வந்தா, நல்லூர்த் தேர் பாத்த ஆள்மாதிரி. திங்கக்கிழமை விடியத் திருத்தம் என்னட்டை வந்திட்டுது. எங்கட சாமான்ரை மூலப் பிரதி இருக்கிற களஞ்சியத்திலை நான் அதைப் போட்டன். சோலி முடிஞ்சுது எண்டு பாத்தால், அந்தாள் குளிருக்குப் பயந்து ஃப்ளோரிடாவுக்குப் போயிட்டுது! மாரி முழுக்க அந்த முறைப்பாடு திறந்தபடி. "அந்தாள் அங்கை வெய்யில் காயுது, நீங்கள் இங்கை காவல் இருக்கிறியளோ?" எண்டு கேட்டன். ஏப்பிரலிலை அந்தாள் திரும்பி வந்து, "சா மார்ஷ்", ஓடுது எண்டு ரெண்டு சொல்லு எழுதினது. அண்டைக்குத்தான் மூடினவா.

இனித்தான் எனக்குச் சொல்ல விருப்பமில்லாத இடம் வருது.

அந்தக் காலத்திலை களஞ்சியம் ஒண்டுதான். அதுக்குள்ளை எழுதுற சாவி ஏழெட்டுப் பேரிட்டை மட்டும். அதிலை நான் ஒராள். கெட்டித்தனத்தாலை இல்லை, ஆரம்பத்திலை இருந்து கூட நிண்டதாலை. அவாட்டைச் சாவி இல்லை. திருத்தத்தை எழுதி, சோதிச்சு, எனக்கு ஈமெயிலிலை அனுப்புவா. நான் ஒரு பொத்தானை அமத்தி உள்ளுக்குப் போடுவன். போட்ட உடனை மெஷின் பதிவேட்டிலை பேர் எழுதும். ஆர் செய்தது எண்டு அதுக்குத் தெரியாது. ஆர் போட்டது எண்டுதான் தெரியும். அதாலை, போடுறவை குறிப்பிலை "செய்தவர் இன்னார்" எண்டு எழுதிறது ஒரு வழக்கம். ஒரு வரிதான்.

முதல் முதல் நானும் எழுதினனான். பிறகு காலமை பிள்ளையை கார்டெரியிலை, பகல் பராமரிப்பு இடத்திலை, விடுற அவசரம், வேலைக்குப் பிந்துது, பாலம் வேறை அடைச்சுப்போச்சு எண்டு "சின்னத் திருத்தம்" எண்டு ரெண்டு சொல்லோடை போட்டுட்டு ஓடுவன். சின்னத் திருத்தமாம்! அவா ரெண்டு கிழமை மினக்கெட்டது எனக்குச் சின்னத் திருத்தம். ஒருக்கா மட்டும் மனம் கேக்காமல், "பேர் போடாமல் விட்டுப்போட்டன், குறை நினைக்காதையுங்கோ" எண்டன். "பிழை போனாச் சரி அண்ணை. முறைப்பாடு தந்த ஆளின்ரை பேரை மட்டும் விட்டுடாதையுங்கோ, அவை சந்தோசப்படுவினம்" எண்டா. அந்தச் சொல்லு எனக்கு நல்ல வசதியாப் போச்சுது.

இதுக்கை தொடங்கினவன் ஒருநாள் என்னைக் கேட்டவன், உந்த ஆளுக்கு ஒரு சாவி குடுப்பமோ எண்டு. "பேந்து பாப்பம்" எண்டு எழுதினன். ஏன் அப்பிடி எழுதினனி எண்டு கேளுங்கோ. அவாவுக்குச் சாவி கிடைச்சால் பிறகு எனக்கு அங்கை என்ன வேலை? இதைச் சொல்ல எனக்கு இத்தினை வருசம் எடுத்தது.

பிறகு அவாவின்ரை கொம்பனி ரெலிபோன் வேலை முழுக்கத்தையும் வேறை நாட்டுக்கு அனுப்பிப்போட்டுது. அவா வீட்டிலை. அந்த நேரம் பாத்து, டவுண்டவுனிலை எங்கட ஃபிரேம்வேர்க்கிலையே தன்ரை எல்லாச் சைற்றையும் கட்டியிருந்த ஒரு கொம்பனி, அதைப் பராமரிக்கவெண்டே ஒராளைச் சம்பளத்துக்கு எடுக்கப்போறம் எண்டு அறிவிச்சுது. பிழை பாக்கிறதும் திருத்திறதும் மட்டும்தான் வேலை. அவா எனக்கு எடுத்தா. அவா ஒண்டை ஆசைப்பட்டுக் கேட்டதை நான் அண்டைக்குத்தான் கண்டன்.

"அண்ணை, பாத்தனீங்களோ? விடிய அஞ்சு மணிக்குச் செய்யிறதை ஒம்பது மணிக்குப் போய்ச் செய்யலாம். அதுக்குச் சம்பளமும் தருவினமாம்." சிரிச்சா. "உங்கட பேரைத்தான் சாட்சிக்குக் குடுத்திருக்கிறன். என்னைப்பற்றிச் சொல்லுவியள்தானே?"

"இதென்ன கேள்வி!" எண்டன்.

நாலாம் நாள் மத்தியானம் அந்தக் கொம்பனியிலை இருந்து ஒரு சென்னைப் பெடியன் எடுத்தான். நல்ல மரியாதையான பெடியன்.

"வணக்கம் சார். ஒரு கேண்டிடேட் உங்க பேரை ரெஃபரன்ஸா குடுத்திருக்காங்க. நெறைய பக் ஃபிக்ஸ் பண்ணியிருக்கேன்னு சொல்றாங்க. ஆனா நாங்க மொத்த லாகையும் எடுத்துப் பாத்தோம் சார், அவங்க பேரு எங்கயுமே இல்லையே. எங்க பாத்தாலும் உங்க பேருதான் இருக்கு."

நான் சொன்னது இதுதான்: "ஓம்… அவாவும் உதவி செய்தவாதான்."

"உதவின்னா, டெஸ்டிங் மாதிரியா சார்?"

"ஓம். அப்பிடித்தான்."

"நேராவே கேக்குறேன், தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்களே ஏன் சார் இதுக்கு வரக்கூடாது?"

கார் பார்க்கிலை நிண்டு கதைச்சனான். குளிர். அந்த "ஓம், அப்பிடித்தான்" எண்ட சொல்லு வாயிலை இருந்து வந்ததை நான் என்ரை காதாலை கேட்டன். ஒரு வசனம் சொல்லியிருந்தால் காணும். தம்பி, அதெல்லாம் அவா செய்தது, நான் பொத்தானை மட்டும்தான் அமத்தினனான் எண்டு. ஊர் உலகத்துக்கெல்லாம் ஏசுற வாய், தேவையான நேரம் பொத்திக்கொண்டு நிண்டுது. ரெண்டு கிழமையிலை அந்தக் கதிரையிலை போய் இருந்தன். உள்ளுக்கை போன பிறகு அவாவையும் எடுக்கலாம் எண்டு எனக்கு நானே கதை விட்டுக்கொண்டன்.

அவா ஒரு வரி எழுதினவா. "வாழ்த்துக்கள் அண்ணை. நல்லாச் செய்வியள்."

எனக்கு ஏசியிருக்கக் கூடாதோ? எடுத்து, சீ, நீயும் ஒரு மனிசனோ எண்டு ஒரு சொல்லு கேட்டிருக்கக் கூடாதோ? ஏசியிருந்தால் நான் எதிர்த்து ஏதாவது சொல்லி, பேந்து மன்னிப்புக் கேட்டு, எப்பிடியாவது முடிஞ்சிருக்கும். ஒண்டுமில்லை. அண்டையோடை அவாட்டை இருந்து திருத்தமும் வாறேல்லை, அந்த மூண்டு கேள்வியும் வாறேல்லை. முகம் தெரியாத, மரியாதை தெரியாத ஒவ்வொருத்தனுக்கும் ஒருநாளும் பிந்தாமல் பதில் எழுதினவா எனக்கு எழுதேல்லை.

புது வேலையிலை முறைப்பாடு மலையாக் குவிஞ்சுது. நான் பாதிக்கு முழிச்சன். அவாவின்ரை மூண்டு கேள்வியையும் அப்பிடியே வெட்டி ஒட்டிக் கேட்டன். "வழமைபோலப் பொறுமையான பதில், நன்றி" எண்டு ஒருத்தர் எனக்கு எழுதினார். எனக்கு நன்றியாம்! அண்டைக்கு நான் மத்தியானச் சாப்பாடு சாப்பிடேல்லை.

மனிசி சொன்னவ, நீங்கள் என்ன களவே எடுத்தனீங்கள், அவை கூப்பிட்டவை, நீங்கள் போனனீங்கள் எண்டு. களவுதான். வேறை என்ன?

கடைசியிலை நான் செய்ததைச் சொல்லுறன், பெருமைக்கு இல்லை. பழைய ஈமெயில் முழுக்கத்தையும் கிண்டி எடுத்தன். களஞ்சியத்தின்ரை பதிவேட்டிலை பேரை மாத்தலாம், மெஷினுக்குச் சொந்தக்காரன் விட்டால். தொடங்கினவன் விடமாட்டன் எண்டு நிண்டான். நடந்த வரலாற்றிலை கை வைக்கக் கூடாதாம். "பொய்யை எழுதி வைச்சுப்போட்டு வரலாறு எண்டு கதைக்கிறியோ?" எண்டு எல்லாரும் வாசிக்க அவனுக்கு எழுதினன். ஒரு மாசம் சண்டை. விட்டான். விடிய அஞ்சு மணிக்கு எழும்பி, அவா எழும்பின அதே நேரம், ஒவ்வொண்டா என்ரை பேரை அழிச்சு அவாவின்ரை பேரைப் போட்டன். முடிய ஒரு கோடை எடுத்தது. அழிக்க அழிக்க எனக்கெண்டு மிஞ்சினது ரெண்டு பக்கம்கூட வராது.

பிறகு கொம்பனியிலை போய்ச் சொன்னன். மனேஜர் கேட்டுப்போட்டு, இப்ப இன்னொரு ஆளுக்கு இடமில்லை எண்டார். சென்னைப் பெடியன் மட்டும் என்னை நிமிந்து பாத்தான். "அப்பவே சொல்லியிருக்கலாமே சார்." வேலையை விட்டனியோ எண்டு நீங்களும் கேப்பியள். விடேல்லை. வீட்டுக் கடன், பிள்ளைகள், எல்லாரும் சொல்லுற அதே சாட்டு.

அண்டைக்கே முறைப்பாட்டுப் பட்டியலிலை, ஆரும் வாசிக்கத்தக்கதா, ஒண்டு பதிஞ்சன். என்ன செய்தது: ஒராள் வருசக்கணக்காத் திருத்தினதை இன்னொராள் தன்ரை பேரிலை போட்டது. எதிர்பார்த்தது: திருத்தின ஆளின்ரை பேர் இருக்கும் எண்டு. நடந்தது: அவாவுக்கு வரவேண்டிய வேலை எனக்கு வந்தது. முறைப்பாடு குடுத்தவர் எண்ட இடத்திலை அவாவின்ரை பேரைப் போட்டன். கீழை, "பதிவேடு திருத்தியாச்சு, பாத்துச் சொல்லுங்கோ" எண்டு எழுதினன். மெஷின் அவாவுக்கு ஈமெயில் அனுப்பினது. பதில் இல்லை.

அடுத்த இளவேனிலுக்கு ஷேர்புறூக் தெருவிலை, ஒரு டெப்பனர், மூலைக்கடை, வாசலிலை, பால் பையோடை பஸ்ஸுக்கு நிண்டவா. ஒரு பல் டாக்குத்தரிட்டை ரெலிபோன் எடுக்கிற வேலையாம். என்ரை பிள்ளைகளைச் சுகம் கேட்டா, சின்னவனுக்குத் தமிழ் வருதோ எண்டு கேட்டா.

"நான் பதிவேட்டை மாத்திப்போட்டன்."

"கண்டன் அண்ணை."

"சரியோ?"

அவா 105 வருதோ எண்டு எட்டிப் பாத்தா. வந்தது. "வாறன் அண்ணை" எண்டு ஏறிப் போயிட்டா.

அதுக்கும் ஒரு வருசத்தாலை அந்தச் சென்னைப் பெடியன் பழைய பட்டியலைத் துப்பரவாக்க வந்தான். "சார், இந்த ஒரு டிக்கெட் மட்டும் ரொம்ப நாளா ஓப்பன்ல கெடக்கு. ஃபிக்ஸ் பண்ணியாச்சே, க்ளோஸ் பண்ணிடவா?"

"கை வைக்காதை!" எண்டு கத்தினன். ஒஃபிசே திரும்பிப் பாத்தது. "அதை மூட உனக்கும் எனக்கும் என்ன உரிமை இருக்கு?"

இப்ப அந்த ஃபிரேம்வேர்க்கை ஒருத்தரும் புதுசா எடுக்கிறேல்லை. தொடங்கினவன் வேறை ஏதோ தொடங்கிப்போட்டான். கொம்பனியும் கைவிட்டுட்டுது. அந்த முறைப்பாட்டுப் பட்டியல் இருக்கிற மெஷினை மட்டும் நான் கேட்டு வாங்கி என்ரை வீட்டு பேஸ்மெண்டிலை வைச்சு ஓடவைக்கிறன். ஏன் கரண்டை வீணாக்கிறியள் எண்டு மனிசி பேசுறவ. மற்றது எல்லாம் மூடியாச்சு, ஒண்டுதான் திறந்து கிடக்கு. இல்-பிசார் மனிசனும் ஏப்பிரலிலை திரும்பி வந்து சொன்னதுதானே. நான் விடிய எழும்பின உடனை கீழை இறங்கிப் போய், அவாட்டை இருந்து பதில் வந்திருக்கோ எண்டு பாத்துட்டுத்தான் தேத்தண்ணி வைக்கிறன்.